தோளில் பட்ட கை

படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் "எப்படி?" என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சொல்கிற பதில் ஒன்றுதான்: "அழ வைத்துவிட்டான்." எதைக் கொண்டு அழ வைத்தான் என்று அடுத்தபடியாகக் கேட்டுப் பாருங்கள். நடிகையின் கண்ணீரைச் சொல்வார்கள்; பாட்டைச் சொல்வார்கள்; பின்னணி வயலின்களைச் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'குளோஸ்-அப்' என்பார்கள். இவையெல்லாம் இருந்தும் நாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்த படங்கள் எத்தனை! கிளிஸரின் நடிகையின் கண்ணில் வேலை செய்கிறது. நம் கண்ணில் வேலை செய்வது வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆங்கிலப் படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. டேவிட் லீன் டைரக்ட் செய்து 1945-ல் வெளிவந்த 'ப்ரீஃப் என்கௌண்டர்'. எண்பத்தாறு நிமிஷப் படம். கறுப்பு-வெள்ளை. கதாநாயகிக்கு இரண்டு குழந்தைகள். அழகி என்று சொல்லும்படியான அழகியும் அல்ல. கதாநாயகன் ஒரு டாக்டர், அவனும் கல்யாணமானவன். ஒரு ரயில் ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலையில் சந்திக்கிறார்கள். அவள் கண்ணில் விழுந்த கரித்தூளை அவன் எடுத்துவிடுகிறான். வியாழக்கிழமை தோறும் சந்திக்கிறார்கள். காதல் என்று தெரிந்ததும் பயப்படுகிறார்கள். அவன் ஆப்பிரிக்காவில் வேலை ஏற்றுக்கொண்டு போய்விடுகிறான். அவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். கதை இவ்வளவுதான். பத்திரிகைக்கு அனுப்பினால், "சம்பவம் போதாது" என்று எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் சொல்ல வந்தது அதில் ஒரே ஒரு காட்சியைப் பற்றி. அவர்கள் கடைசியாகப் பிரிகிற காட்சி. படத்தில் அது இரண்டு தடவை வருகிறது. தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை.

முதல் தடவை வரும்போது அது பிரிவு என்று நமக்குத் தெரியாது. ஸ்டேஷன். ஒரு ரயில் அலறிக்கொண்டு போகிறது. டிக்கெட் பரிசோதிக்கும் ஆல்பர்ட் என்பவர் தண்டவாளத்தைக் கடந்து சிற்றுண்டிச்சாலைக்குள் வருகிறார். கவுண்டருக்குப் பின்னால் மிர்ட்டில் என்று ஒரு அம்மாள்; மிடுக்காகப் பேசுகிறவள். இரண்டு பேருக்கும் இடையே வாய்ச் சண்டையும் சரஸமுமாக ஒரு பேச்சு நடக்கிறது. ஸ்டான்லி ஹாலோவேயும் ஜாய்ஸ் கேரியும் அதை வெகு ருசியாகச் செய்கிறார்கள்; நாம் சிரித்துக்கொண்டு கேட்கிறோம். அறையின் மறுகோடியில் ஒரு மேஜையருகே யாரோ ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரயிலுக்குக் காத்திருக்கிற யாரோ. காமிரா அவர்கள் பக்கம் போவதற்குள், டாலி என்கிற ஒரு சிநேகிதி மூட்டை முடிச்சுகளுடன் நுழைந்து, "அட, லாராவா!" என்கிற தோரணையில் அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அந்த ஆண் எழுந்து போய் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கிறான். டாலி பேசுகிறாள், பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். அவனுடைய ரயில் வருவதற்கு மணி அடிக்கிறது. விடை பெற்றுக்கொண்டு எழுந்திருக்கிறான். போகிற போக்கில் அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கணம் கையை வைக்கிறான், போய்விடுகிறான். டாலி சாக்லேட் வாங்கக் கவுண்டருக்குப் போகிறாள். காமிராவும் அவளோடேயே போகிறது. திரும்பிப் பார்த்தால் லாராவைக் காணோம். வெளியே எக்ஸ்பிரஸ் ஓடுகிற சத்தம். சற்றுக் கழித்து வெளிறிய முகத்துடன் லாரா உள்ளே வருகிறாள். எக்ஸ்பிரஸ் போவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது என்கிறாள்.

அவ்வளவுதான். நாமும் நம்பிவிடுகிறோம், மேற்கொண்டு படத்தைப் பார்க்கிறோம்.

பிறகு வீடு. கணவன் ஃப்ரெட் குறுக்கெழுத்துப் போட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே லாரா தையலும் கையுமாக. மனசுக்குள் அவனிடமே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குகிறாள். உலகத்தில் இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவன் அவன் ஒருவன்தான். ஒருபோதும் சொல்லக்கூடாதவனும் அவன்தான். அவள் சொல்லச் சொல்ல முழுக் கதையும் விரிந்து, கடைசியில் மறுபடி அதே சிற்றுண்டிச்சாலை, அதே மேஜை, அதே டாலி, அதே மணி, அதே கை.

இப்போது அந்தக் கை தோளில் படும்போது தியேட்டரில் மூச்சுவிடுகிற சத்தம் கேட்காது.

இரண்டு தடவைக்கும் நடுவே நடந்ததில் அணுவளவும் வித்தியாசம் இல்லை. பேச்சு அதுவே. ஆட்கள் அவர்களே. மாறியது இரண்டே விஷயங்கள்: காமிரா நிற்கும் இடம், நமக்குத் தெரிந்திருக்கும் கதை. முதல் தடவை காமிரா ஊராருடைய கண், தள்ளி நிற்கிறது. இரண்டாம் தடவை அது லாராவோடு உட்கார்ந்துகொள்கிறது. தோளில் அழுத்திய விரல்களைக் கிட்டத்தில் பார்க்கிறோம். அவன் போன பிறகு டாலி என்ன சொல்கிறாள் என்பது காதில் விழுந்தும் விழவில்லை. அவனுடைய ரயில் புறப்படுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் லாரா. எதையோ மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கதவைத் திறந்துகொண்டு அவன் திரும்பி வரமாட்டானா என்று இருக்கிறது அவளுக்கு. ரயில் நகர்கிறது. சத்தம் தேய்கிறது. டாலி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இது நாடகமாக இருந்து படமானது என்பதைத் தெரிந்துகொண்டால் டைரக்டர் செய்த வேலை இன்னும் துலங்கும். நோயல் கவர்ட் 1936-ல் எழுதி மேடையேற்றிய 'ஸ்டில் லைஃப்' என்ற ஓரங்க நாடகம். ஐந்து காட்சிகளும் அந்தச் சிற்றுண்டிச்சாலையிலேயே, முதல் சந்திப்பிலிருந்து பிரிவு வரை வரிசையாகப் போகின்றன. டாலி வந்து கெடுக்கிற பிரிவும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரே தடவை, கடைசிக் காட்சியில். அந்தப் பேச்சு, அந்த மணி, அந்தக் கை எல்லாம் கவர்ட் எழுதியவைதாம். மேடையில் பார்த்தவர்களும் நிச்சயம் உருகியிருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். டாலி நுழைந்ததுமே, "ஐயோ, இந்தச் சனியன் இப்போதா வரவேண்டும்!" என்று அவள்மீது கோபம் வந்திருக்கும். டாலி வேறு, தாங்கள் வேறு என்ற நிம்மதியோடு கோபப்பட்டிருப்பார்கள்.

படம் அந்த நிம்மதியை நமக்குத் தருவதில்லை. முதல் தடவை நாம்தான் டாலி. ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த மூலை மேஜையில் இரண்டாகக் கிழிந்துகொண்டிருந்தபோது, நாம் ஆல்பர்ட்டின் சரஸப் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்தோம். கையைப் பார்த்தோம், கண்டுகொள்ளவில்லை. அவள் வெளியே ஓடினபோது சாக்லேட் வாங்குகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் தடவை அந்தக் காட்சி வரும்போது நம்மைப் பிடித்து உலுக்குவது லாராவின் துக்கம் மட்டுமல்ல. நாம் அங்கேயே இருந்தோம், நமக்குத் தெரியாமல் போயிற்று என்கிற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. அந்த வெட்கம் துக்கத்தைவிட ஆழத்தில் போய்த் தைக்கிறது என்பது என் எண்ணம்.

லீன் டைரக்டராவதற்கு முன்னால் எடிட்டராக இருந்தவர். 1938-ல் வந்த 'பிக்மாலியன்' அவர் வெட்டி ஒட்டிய படம்தான். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதிலேயே உயிர் இருக்கிறது என்பது கத்தரிக்கோல் பிடித்த கைக்குத்தான் தெரியும். கதையின் வாலை எடுத்துத் தலையில் வைத்ததற்கு அவரும், அவரோடு திரைக்கதை எழுதிய ரொனால்ட் நீம், அந்தோணி ஹாவ்லாக்-ஆலன் ஆகியோரும் பொறுப்பு.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதை மறைப்பானேன்! நாவலில் இதைச் செய்ய முடியுமா? முன்னும் பின்னுமாகக் கதை சொல்வது நமக்குப் புதிது அல்ல. முடியாதது வேறு. 'மூலை மேஜையில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்' என்று நான் ஒரு வாக்கியம் எழுதினால் போதும், வாசகன் காதைத் தீட்டிக்கொண்டுவிடுவான். எழுத்தில் சொன்னதெல்லாம் முன்னால் வந்து நிற்கும். பின்னால் நிற்பதற்கு அங்கே இடமே கிடையாது. 'அவன் போகும்போது அவள் தோளில் கை வைத்தான்' என்று எழுதிவிட்டு, வாசகன் அதைக் கவனிக்காமல் இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்க முடியாது. எழுதாமல் விட்டால் அது நடக்கவே இல்லை. திரையில் ஒரு விஷயம் கண்ணெதிரே நடந்தும் சொல்லப்படாமல் இருக்கலாம். காமிராவுக்கு இருக்கிற பெரிய சக்தி முகத்தைப் பெரிதாகக் காட்டுவது என்று நினைக்கிறோம். முகத்தைச் சின்னதாக, அறைக்கு மறுகோடியில், மற்றவர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதுதான் அதன் பெரிய சக்தி என்று எனக்குப் படுகிறது.

டாலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் வில்லி இல்லை. ஊரில் எல்லோரையும் தெரிந்த, வாய் ஓயாத, நல்ல மனுஷி. அவளை 'எழுந்து போ' என்று சொல்ல இரண்டு பேருக்கும் மரியாதை இடம் தரவில்லை. நம் ரயிலடிகளிலும் இப்படி ஒரு மாமி வந்து உட்காரும்போது நாமும் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, குழந்தைகள் சௌக்கியமா என்றுதான் கேட்போம். கடைசி ஐந்து நிமிஷத்தை மரியாதைக்குப் பறிகொடுத்துவிட்டு அலெக் எழுந்து போய் அவளுக்கு டீ வாங்கி வருகிறானே, அதை நினைத்தால்தான் நெஞ்சை அடைக்கிறது. கத்திச் சண்டை போட்டுப் பிரிகிற காதலர்களைவிட, மூன்றாம் மனுஷிக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிரிகிறவர்கள் எனக்கு வேண்டியவர்களாகத் தோன்றுகிறார்கள். எவர்லி க்ரெக் என்ற நடிகை டாலியாக வருகிறாள். மேடையிலும் அந்த வேஷம் அவளுடையதுதான். ரயில் பெட்டியிலும் அவள் பேச்சு நிற்காது. அங்கே அவளுடைய வாயை மட்டும் திரை நிறையக் காட்டுகிறார் லீன். குளோஸ்-அப் என்றால் காதலியின் கண் என்று நினைத்திருப்பவர்களுக்கு, அசைந்துகொண்டே இருக்கும் அந்த வாய் ஒரு நல்ல பாடம்.

எக்ஸ்பிரஸ் சமாசாரத்துக்கு வருகிறேன். முதல் தடவை நாம் கவுண்டரில் இருந்தோம் அல்லவா? இரண்டாம் தடவை லாராவின் முகத்தை நோக்கிக் காமிரா நெருங்குகிறது. நெருங்க நெருங்க ஒரு பக்கமாகச் சாய்கிறது. உலகமே சரிந்து அவளை வெளியே கொட்டுகிற மாதிரி. அவள் எழுந்து ஓடுகிறாள். பிளாட்பாரத்தின் விளிம்பு. ரயிலின் ஜன்னல் வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் அறைகின்றன; காற்றில் மயிர் பறக்கிறது. ரயிலைக் காட்டவில்லை, முகம்தான். விழவில்லை அவள். வெளிச்சம் ஓய்கிறது, சாய்ந்திருந்த காமிரா மெல்ல நிமிர்கிறது. காமிராவைச் சாய்ப்பது மலிவான வித்தை என்று சொல்கிறவர்கள் உண்டு. பல படங்களில் அது மலிவுதான். இதே ஒளிப்பதிவாளர் ராபர்ட் க்ராஸ்கர் 1949-ல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தில் காமிராவை நெடுகச் சாய்த்துச் சாய்த்து எடுத்து ஆஸ்கார் பரிசும் வாங்கினார். அங்கே நகரமே கோணல், அதனால் பொருந்துகிறது. இங்கே அந்தச் சாய்வு இந்த ஒரு நெருக்கடிக்காகவே சேமித்து வைத்திருந்தது போல வருகிறது. சிக்கனமாக இருந்தவன் ஒரு நாள் செலவழித்தால் ஊர் திரும்பிப் பார்க்காதா?

ஸங்கீதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் படத்தின் பக்தர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ரஷ்ய இசைமேதை ரக்மானினாஃபின் இரண்டாவது பியானோ கான்சர்ட்டோ படம் முழுவதும் பொங்கி வழிகிறது. வாசித்தவர் ஐலீன் ஜாய்ஸ். சில இடங்களில் கொஞ்சம் அதிகம்தான். அந்த ஸ்டேஷனையும் டீக்கோப்பைகளையும் அந்த அலை முழுகடித்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்ததுண்டு. ஆனால் லீன் ஒரு புத்திசாலித்தனம் செய்திருக்கிறார். அந்த இசை ஆகாயத்திலிருந்து வரவில்லை. லாரா வீட்டு ரேடியோவைத் திருப்புகிறாள், அதிலிருந்து வருகிறது. அவள் நினைவு ஓட ஓட அதுவும் கூடவே ஓடுகிறது. நடுவில் கணவன், கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தால் தேவலை என்கிறான். சட்டென்று வீட்டு அறைக்கு வந்து விழுகிறோம். அவள் உயிரைப் பிழிந்துகொண்டிருந்தது அவனுக்குத் தலைவலி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவன், அன்பாகத்தான் சொல்கிறான். பின்னணி இசையைக்கொண்டே கணவன் மனைவிக்கு நடுவிலுள்ள தூரத்தை அளந்து காட்டிய படம் வேறு எனக்கு ஞாபகம் இல்லை.

ரயில் ஜன்னல் காட்சியும் பேர்போனது. வீட்டுக்குப் போகும் ரயிலில், இருட்டிய கண்ணாடியில் தன் முகத்துக்கு மேலாக லாரா கனவு காண்கிறாள். நடனம், பாரிஸ், வெனிஸ் படகு, தென்னை மரங்கள். இதெல்லாம் எவளும் காணக்கூடிய கனவு. அங்காடிக் கனவு என்றே சொல்லலாம். கடைசியில் அந்த வெப்பநாட்டு மரங்கள் கரைந்து, அவள் தினமும் பார்க்கிற வாய்க்கால் ஓரத்து மொட்டை வில்லோ மரங்களாகிவிடுகின்றன. ஸ்டேஷன் வந்துவிட்டது என்று அர்த்தம். கனவுகளை நான் மறந்துவிட்டேன். அந்த மொட்டை மரங்கள் மறக்கவில்லை.

எல்லாம் பழுதற்றது என்று சொல்லமாட்டேன். லாரா சொல்கிற கதை இது. அவள் பார்க்காததைப் படம் காட்டக்கூடாது. ஆனால் அலெக்கின் நண்பனுடைய வீட்டில் இருவரும் தனிமையில் இருக்கையில், அந்த நண்பன் எதிர்பாராமல் திரும்பி வருகிறான். லாரா பின்கட்டு மாடிப்படி வழியாக ஓடிவிடுகிறாள். அப்புறமும் காமிரா அந்த அறையிலேயே நின்றுகொண்டு, இரண்டு ஆண்களும் பேசுவதைக் காட்டுகிறது. நண்பனின் ஏளனம் ஊசி மாதிரி இறங்குகிறது. நன்றாக எழுதிய காட்சிதான். ஆனால் மழையில் ஓடிக்கொண்டிருப்பவளுக்கு இது எப்படித் தெரியும்? தன்மையில் கதை எழுதுகிற எந்தப் புது எழுத்தாளனும் இந்தத் தவறுக்காகக் குட்டு வாங்குவான். அலெக்கின் அவமானத்தைக் காணாமலே, லாராவோடு நாமும் மழையில் ஓடியிருந்தால் காட்சி இன்னும் பலமாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் காட்சியும் வீண்போகவில்லை. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, காதலர்கள் போனபின் தன் வெற்றுப் படுக்கைக்குத் திரும்புகிறவனின் கதை என்ன என்று பில்லி வைல்டர் யோசித்தார். 1960-ல் வந்த 'தி அபார்ட்மெண்ட்' அதன் விளைவு.

பிரிவுக் காட்சியை இரண்டு தடவை காட்டும் உத்திக்கும் வாரிசு உண்டு. 2015-ல் டாட் ஹேன்ஸ் எடுத்த 'கரோல்' படம், ஒரு மேஜையில் பேசிக்கொண்டிருக்கும் இருவரிடையே மூன்றாமவன் குறுக்கிடுவதில்தான் ஆரம்பிக்கிறது. அங்கும் தோளில் ஒரு கை. அங்கும் மறுபடி அதே காட்சிக்கு வருகிறோம். கை என்றதும் 1931-ன் சாப்ளின் படம் 'ஸிட்டி லைட்ஸ்' நினைவுக்கு வராமல் இருக்குமா? பார்வை பெற்ற பூக்காரி, நாடோடியின் முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை; காசு கொடுக்கக் கையைத் தொட்டதும் தெரிந்துகொள்கிறாள். அங்கே கை எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறது. லீன் படத்தில் கை எல்லாவற்றையும் மூடி வைக்கிறது. டாலி பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாத ஒரு தொடுதல். அதற்குமேல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படம் எடுத்தது யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில். வடக்கே லங்காஷயரில் உள்ள கார்ன்ஃபோர்த் ஸ்டேஷனில் இரவு நேரங்களில் விளக்குப் போட்டு எடுத்தார்கள். விமானத் தாக்குதல் என்றால் விளக்கை அணைக்க அவகாசம் கிடைக்கும்படியாக அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்ததாம். படத்தில் யுத்தத்தின் நிழலே இல்லை. கதை அதற்கு முந்திய காலத்தியது. 1946-ல் கான் நகரத்துத் திரைப்பட விழாவில் பெரிய பரிசைப் பதினொரு படங்களுக்குப் பங்கிட்டபோது இதுவும் ஒன்று. சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' அந்தப் பதினொன்றில் இன்னொன்று என்பதில் நமக்கும் கொஞ்சம் சந்தோஷம்.

செலியா ஜான்ஸனின் கண்களைப் பற்றியும் ட்ரெவர் ஹோவர்டின் குரலைப் பற்றியும் எவ்வளவோ பேர் எழுதியாயிற்று. நான் கடைசியாக ஃப்ரெட்டைச் சொல்கிறேன். ஸிரில் ரேமண்ட் என்ற நடிகர். படம் முழுவதும் குறுக்கெழுத்தும் குழந்தைகளுமாக, அசட்டுச் சாதுவாக உட்கார்ந்திருக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு எழுந்து மனைவியின் பக்கத்தில் வந்து, நீ கண்ட கனவு நல்ல கனவாகத் தெரியவில்லை, வெகுதூரம் போயிருந்தாய், திரும்பி வந்தாயே, அதுவே போதும் என்று சொல்கிறான். அவள் உடைந்து அழுகிறாள். அவனுக்கு எவ்வளவு தெரியும்? படம் சொல்லவில்லை. அவன் இத்தனை நேரமும் அந்த அறையில், அவளுக்கு எதிரிலேதான் உட்கார்ந்திருந்தான். நாம் லாராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், அவன் பேப்பரிலிருந்து எத்தனை தடவை கண்ணை எடுத்தான் என்பதைக் கவனிக்கவில்லை.